ஊர்ப் பக்கத்துப் பொத்தைக்கு ஒத்தையில் போகலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறேன், வயது 31, தனியார் அலுவலகத்தில் கணக்கு வேலை. ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கிற பொத்தைகளில் (சின்னப் பாறைக் குன்றுகளில்) தனியாக ஏறி இறங்குகிறேன். வாரம் முழுக்க இருக்கிற பாரம் அங்கேதான் இறங்குகிறது. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ள ஒத்தையில மலைக்கு எதுக்குப் போற" என்று சண்டை போடுவதால் இப்போதெல்லாம் வீட்டில் சொல்லாமலே போய்விட்டு வருகிறேன், பக்கத்தில்தானே, பத்து மணிக்குள் திரும்பிவிடுவேன். போன மாதம் இறங்கி வரும்போது என் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் செய்யவில்லை, "தனியாவா வந்தீங்க" என்று மட்டும் கேட்டார்கள், ஆனால் வீடு வரும் வரை கை நடுங்கியது. பெப்பர் ஸ்ப்ரே வாங்கிக்கொண்டால் போதுமா? அடுத்து பாபநாசம், மணிமுத்தாறு பக்கமும் தனியாகப் போக ஆசை. போகலாமா?

பதில்: தங்கச்சி, பொத்தைக்குப் போகலாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி கேட்கிற பெண்களுக்கு "எதுக்கும்மா வம்பு, மொட்டை மாடியில நட" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம். நான் வனத்துறையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள், அதில் பெரும்பகுதி முண்டந்துறை, களக்காடு பக்கம். இப்போது மலை ஏறுகிற குழுக்களுக்கு முதலுதவி சொல்லிக் கொடுக்கிறேன். ஒத்தையில் நடக்கும்போது மனசு எப்படி லேசாகிறது என்று எனக்குத் தெரியும், அதை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குப் பயத்தைக் கொடுத்தது அந்த இரண்டு பையன்கள் இல்லை. "வீட்டில் சொல்லாமலே போய்விட்டு வருகிறேன், பக்கத்தில்தானே" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான்.

ஏன் என்று ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும். சில வருஷம் முன்னால், நாற்கரச் சாலையை ஒட்டி இருக்கிற ஒரு பொத்தை, பெயர் வேண்டாம். ஐம்பது வயது தாண்டிய ஒருவர் சாயங்காலம் காற்று வாங்க ஏறியிருக்கிறார். இறங்கும்போது பாறை மேல் கிடந்த சரளை வழுக்கி, ஒரு ஆள் உயரம்கூட இருக்காது, இரண்டு பாறைக்கு நடுவில் விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. அவர் கிடந்த இடத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸின் விளக்கு தெரிகிறது, ஹாரன் கேட்கிறது, கீழே டீக்கடையில் போட்ட பாட்டுகூடக் கேட்கிறது. இவர் கத்துவது மட்டும் கீழே யாருக்கும் கேட்கவில்லை, ரோட்டுச் சத்தத்தில் எப்படிக் கேட்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டே ஏறியதில் போனில் சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சம். வீட்டுக்கு ஒரு தடவை அடித்தார், எடுக்கவில்லை, இரண்டாவது தடவை அடிக்கும்போது போன் அணைந்துவிட்டது. வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா, குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போயிருப்பார் என்று நினைத்து ராத்திரி முழுக்க டார்ச் அடித்து ஆற்றங்கரையில் தேடினார்கள். இவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை.

காலையில் ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு பெரியவர்தான் பார்த்தார். முன்னால் போன ஆடு அந்த இடுக்குப் பக்கம் போகாமல் மிரண்டு நிற்கவும் எட்டிப் பார்த்திருக்கிறார். தகவல் வந்து நாங்கள் போய், நாலு பேராக வேட்டியில் தொட்டில் கட்டித்தான் இறக்கினோம். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டு அவருக்குப் பேச்சு வரவில்லை. வலது கையில் ஒரு கல்லை இறுக்கிப் பிடித்திருந்தார், வாங்கப் போனால் விடவில்லை. ராத்திரி முழுக்க அதை வைத்துப் பாறையைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். அந்தக் கல்லின் ஒரு முனை மாவு மாதிரி வெளுத்து மழுங்கிப்போயிருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் அந்த இடம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

நம் பக்கத்துப் பொத்தைகள் ஆளை ஏமாற்றுவது இப்படித்தான். ரெட்டியார்பட்டி மலை ஆகட்டும், தெற்கே வள்ளியூர் வரை அங்கங்கே எழும்பி நிற்கிற சின்னப் பொத்தைகள் ஆகட்டும், மேலே நின்றால் ஊர் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிறதே என்று தண்ணீர் எடுக்க மாட்டோம், செருப்போடு ஏறுவோம், யாரிடமும் சொல்ல மாட்டோம். பொதிகை மேலே போகிறவன் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு, கூட ஆளையும் கூட்டிக்கொண்டு போகிறான். பொத்தைக்குப் போகிறவன் சட்டைப்பையில் போனோடு போகிறான். நமக்கு ஊர் தெரிகிறது, ஊருக்கு நம்மைத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம்.

அதனால் முதல் வேலை, ஒரு ஆளிடம் சொல்வது. அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் அலுவலகத் தோழி, சித்தி மகள், யாராவது ஒரு ஆள், காலையில் போனை எடுக்கிற ஆளாக இருக்க வேண்டும். "வெளிய போறேன்" என்று சொன்னால் சொன்னதே இல்லை. எந்தப் பொத்தை, எந்தப் பக்கமாக ஏறுகிறேன், வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கீழே இருப்பேன், இந்த நாலும் வேண்டும். கூடவே ஒன்று: "ஒன்பதரைக்கு நானே கூப்பிடுவேன், கூப்பிடலன்னா நீ அடி, பத்து மணிக்கும் எடுக்கலன்னா அவசர எண் 112க்குச் சொல்லிட்டு ஆள் கூட்டிட்டு வா." நேரத்தை இப்படி முன்னாலேயே பேசி வைக்காவிட்டால் அந்தப் பக்கம் இருக்கிறவர் "சிக்னல் இல்லாம இருக்கும், வந்துருவா" என்று மதியம் வரை சும்மா இருந்துவிடுவார், நல்ல எண்ணத்தில்தான் இருப்பார், ஆனால் மதிய வெயிலில் பாறை மேல் கிடக்கிறவளுக்கு அந்த நேரம் பெரிய நேரம். வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை எட்டு மணி நேரத்துக்குப் போட்டுவிடலாம், கண்டிப்பாகப் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், சிக்னல் போனால் அது பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அப்புறம், இறங்கியதும் மறக்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டு தடவை நீங்கள் மறந்து அவர் பதறிவிட்டால் மூன்றாவது தடவை நிஜமாகவே ஏதாவது ஆகும்போது அவர் பதற மாட்டார்.

ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். விளையாட்டுச் சாமான் கடையில் நடுவர் ஊதுகிற விசில் கிடைக்கும். கத்தினால் பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிவிடும், விசிலை விடிய விடிய ஊதலாம். மூன்று தடவை ஊதிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று தடவை. மலை ஏறுகிறவர்களுக்கு அது ஆபத்து என்று புரியும், புரியாதவர்களும் என்னவென்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெரிய மனுஷர் கையில் கல்லுக்குப் பதில் ஒரு விசில் இருந்திருந்தால் டீக்கடைக்காரர் சாத்துவதற்கு முன்னால் கேட்டிருப்பார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

சரி, இப்போது அந்தப் பையன்கள்.

"ஒன்றும் செய்யவில்லை, ஆனால் கை நடுங்கியது" என்று எழுதியதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உடம்பு சில சமயம் நமக்கு முன்னாலேயே கணக்குப் போட்டுவிடும். காட்டில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு யானையைவிட, மறைவில் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிற நாலு ஆட்களைத் தாண்டி நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது, சீருடையில் இருந்தும்கூட. "தனியாவா வந்தீங்க" என்று யார் கேட்டாலும், பெரியவரோ சின்னவரோ, உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "அண்ணன் பின்னால வாரான்" என்று நடந்துகொண்டே சொல்லுங்கள், நின்று பேச வேண்டாம். இன்னும் நல்லது, இறங்குவதற்கு முன்னால் வண்டி தெரிகிற இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கீழே பாருங்கள். அந்த உயரம் உங்களுக்குத்தான் சாதகம், நீங்கள் அவர்களைப் பார்க்கலாம், அவர்களுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஆட்கள் வண்டியை ஒட்டியே இருந்தால் மேலேயே இருந்துகொண்டு போனை எடுத்து ஆளை வரவழையுங்கள், அல்லது வேறு பக்கம் பாதை தெரியும் என்றால் அந்தப் பக்கம் இறங்கி, வீடு இருக்கிற தெருவுக்குப் போய்விடுங்கள். வண்டி போனால் போகட்டும்.

வண்டியை ஒத்தையடிப் பாதை தொடங்குகிற இடத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு பெண் ஓட்டுகிற ஸ்கூட்டி ஆளில்லாத இடத்தில் நின்றால், மேலே ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்று போர்டு வைத்த மாதிரி. கொஞ்சம் தள்ளி டீக்கடை, கோயில், யாராவது வீட்டு வாசல், அங்கே நிறுத்திவிட்டு நடங்கள். அந்தக் கடையில் போகும்போது ஒரு டீ, வரும்போது ஒரு டீ குடியுங்கள், இரண்டு வாரத்தில் அந்தக் கடைக்கார அக்காவுக்கு உங்கள் முகம் பழகிவிடும், மூன்றாவது வாரம் "என்ன இன்னைக்கு லேட்டு" என்று அவரே கேட்பார். ஆடு மேய்க்கிறவர்களோடும் இரண்டு வார்த்தை பேசிப் பழகுங்கள். எந்தப் பக்கம் தேன்கூடு இருக்கிறது, எந்தப் பாறையில் சாயங்காலம் கூட்டம் உட்காரும், எங்கே பன்றி இறங்கும், எல்லாம் அவர்களுக்குத் தெரியும், கேட்டால் ஆசையாகச் சொல்வார்கள்.

இடத்தைப் படிக்கவும் பழகுங்கள். உடைந்த பாட்டில், சீட்டுக்கட்டு, பிளாஸ்டிக் டம்ளர், அடுப்பு மூட்டின கரி, இதெல்லாம் கிடக்கிற பாறை சாயங்காலமும் விடுமுறை நாளும் ஆட்கள் குடிக்க வருகிற பாறை. காலை ஆறரைக்கு அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் பண்டிகைக்கு மறுநாள் காலையில் ராத்திரிக் கூட்டம் அங்கேயே படுத்துக் கிடக்கும். ஒரே நாள் ஒரே நேரம் ஒரே பொத்தை என்று வழக்கம் வைக்காமல் மாற்றி மாற்றிப் போங்கள். மேலே நின்று எடுத்த போட்டோவை வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டேட்டஸில் போடுங்கள், அங்கிருந்தே போட வேண்டாம். இரண்டு காதிலும் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

பெப்பர் ஸ்ப்ரே வாங்குங்கள், தப்பில்லை, ஆனால் பையின் அடியில் இருந்தால் அது வாங்காததற்குச் சமம். கையெட்டுகிற பையில் இருக்க வேண்டும், மூடியைத் திறந்து அழுத்த வீட்டுக்கு வெளியே ஒரு தடவை பழகியிருக்க வேண்டும். ஆனி, ஆடியில் நம் பக்கம் வீசுகிற மேல்காற்றில் பொத்தை மேல் நின்று காற்றுக்கு எதிரே அடித்தால் உங்கள் கண்ணில்தான் விழும். அடித்துவிட்டு நின்று பார்க்கக் கூடாது, ஆள் இருக்கிற பக்கம் ஓட வேண்டும். காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் போனில் ஏற்றி, அவசர பட்டன் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். 112 என்பது உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் கிடைத்தால் போகும், அதனால் டவர் இல்லை என்று விட்டுவிடாமல் அடித்துப் பாருங்கள்.

மனசு சரியில்லை என்று தோன்றினால் காரணம் தேடாமல் திரும்பிவிடுங்கள். பொத்தை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.

மனுஷரை விட்டால் அடுத்தது வெயில், இதைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பாளையங்கோட்டை வெயில் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தொடும், ஆனால் தெருவில் இருக்கிற வெயில் வேறு, மொட்டைப் பாறை மேல் இருக்கிற வெயில் வேறு. ஒன்பது மணிக்கு மேல் தலைக்கு மேலே இருந்தும் காலுக்குக் கீழே இருந்தும் சூடு வரும், பொத்தையில் உடைமரத்து நிழலைத் தவிர ஒதுங்க வேறு நிழல் இல்லை, அதுவும் முள்ளும் வெளிச்சமுமாக இருக்கும். இரண்டு மணி நேர நடைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுங்கள், கூட ஒரு ஓஆர்எஸ் பாக்கெட். கிளம்பும் முன் வீட்டில் ஒரு சொம்பு நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ குடித்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. சூடு தலைக்கு ஏறினால் முதலில் போவது நிதானம்தான். கூட ஒரு ஆள் இருந்தால் "முகமெல்லாம் செவந்திருக்கு, உக்காரு" என்று சொல்வார். ஒத்தையில் போகிறவளுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை, தலை சுற்றுகிறவளுக்குத் தலை சுற்றுவது தெரியாமலே இன்னும் கொஞ்சம் ஏறலாம் என்று தோன்றும். அதனால்தான் திரும்புகிற நேரத்தை வீட்டிலேயே, தலை தெளிவாக இருக்கும்போதே முடிவு பண்ணிவிட வேண்டும். எட்டு மணி என்றால் எட்டு மணி, உச்சிக்கு இன்னும் இருபது அடி இருந்தாலும் சரி.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு கதை. மொட்டைப் பொத்தையில் சுற்று வட்டாரத்துக்கே உயரமான ஆள் நீங்கள்தான், மின்னல் அதைத்தான் தேடும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டது, உடனே இறங்குங்கள், தனி மரத்தடியிலோ பாறைக் குகையிலோ ஒதுங்க வேண்டாம். மழை பெய்த மறுநாள் பாறையில் கறுப்பாகப் படிந்திருக்கிற பாசி காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் எண்ணெய். ஏறும்போதே திரும்பித் திரும்பிப் பார்த்து, இந்த இடத்தில் என்னால் இறங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏறுவது சுலபம், விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். பின் கால் மூடிய, அடியில் பல் இருக்கிற ஷூ கட்டாயம்.

பழைய கல்குவாரிகளை ஒட்டிப் போகாதீர்கள். நம் ஊரைச் சுற்றி பாதி பொத்தைகளை ஒரு பக்கம் வெட்டி எடுத்திருக்கிறார்கள், மறுபக்கமாக ஏறி வந்தால் திடீரென்று காலடியில் முடிந்துவிடும், விளிம்புப் பாறை வெடி வைத்து வைத்து உள்ளே விரிசல் விட்டிருக்கும். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்துக் குவாரியில் பாறை சரிந்து வேலை செய்தவர்கள் உள்ளே சிக்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குவாரித் தண்ணீர் பச்சையாக அழகாக இருக்கும், இறங்கினால் ஏறி வரப் பிடிமானம் இருக்காது. வேலை நடக்கிற குவாரி என்றால் வெடி வைக்கிற நேரம் என்று ஒன்று உண்டு, அந்தப் பக்கமே வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் எழுதுவதில்லை. பொத்தை அடிவாரத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்குப் பயந்து சிலர் ராத்திரி கம்பியில் நேராகக் கரண்ட் கொடுத்து வைக்கிறார்கள். சட்டத்துக்கு விரோதம், ஆனாலும் வைக்கிறார்கள், மனுஷர்களும் அதில் செத்திருக்கிறார்கள். விடிந்ததும் எடுத்துவிடுவார்கள் என்று நம்பி இருட்டோடு குறுக்கே தோட்டம் புகுந்து போகக் கூடாது. முழங்கால் உயரத்தில் ஒற்றைக் கம்பி தெரிந்தால் தாண்டாதீர்கள், வந்த வழியே திரும்புங்கள்.

பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் வறண்ட பாறையில் அதிகம் இருப்பது சுருட்டை விரியன். ஒரு முழம் இருக்கும், மண் நிறத்தில் பாறையோடு பாறையாகச் சுருண்டு கிடக்கும், பக்கத்தில் போனால் உடம்பை உடம்போடு உரசி ரம்பம் அறுக்கிற மாதிரி சத்தம் கொடுக்கும். இயர்போன் வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைத்து ஏறாதீர்கள், உட்காரும் முன் கம்பால் தட்டுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை, எதுவும் கூடாது. மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கினால் அப்புறம் கழற்ற முடியாது. உட்கார்ந்து 108க்கும் உங்கள் ஆளுக்கும் சொல்லுங்கள். கடிபட்ட காலை அசைக்காமல் வையுங்கள். போன் எடுக்கவே இல்லை என்றால்தான் மெதுவாக நடக்க வேண்டும், ஓடக் கூடாது, ஸ்கூட்டியை நீங்களே ஓட்டக் கூடாது, நடுவழியில் மயங்கினால் அது இன்னொரு விபத்து. நேராக ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரி, அங்கே விஷமுறிவு மருந்து உண்டு. பாம்பைப் பிடித்தோ அடித்தோ கொண்டுபோக வேண்டாம், நாலு முக்கியமான விஷப் பாம்புக்கும் ஒரே மருந்துதான்.

மலைத்தேனீ கூடு பாறை விளிம்பில் கறுப்பாகத் தொங்கும், அதன் கீழே சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், அங்கே யாராவது புகை போட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். கலைந்து வந்தால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வண்டி, வீடு, எது கிடைக்கிறதோ அதற்குள் ஓடுங்கள், கையை வீசாதீர்கள். தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி.

பாபநாசம், மணிமுத்தாறு பற்றி. அங்கே ஒத்தையில் காட்டுக்குள் போகக் கூடாது, இதில் மட்டும் நான் உங்கள் அம்மா பக்கம். அது 1988 முதல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர், அனுமதி இல்லாமல் உள்ளே நடப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காரையாறு பக்கம் ஒரு காணி இனத்துப் பெரியவரோடு நடந்துகொண்டிருந்தேன், அவர் நடக்கும்போதெல்லாம் கம்பால் கல்லில் தட்டிக்கொண்டே வருவார், எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வளைவில் சட்டென்று நின்று கையைப் பின்னால் காட்டினார். புதருக்கு அந்தப் பக்கம் கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம், புஸ் புஸ் என்று. கரடி, புற்றைத் தோண்டி மூக்கை உள்ளே வைத்துக் கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்தது. பதினைந்து அடி இருக்கும், மண் வாசனையும் அதன் மேல் வாசனையும் வருகிறது, அதற்கு நாங்கள் வந்தது தெரியவே இல்லை. அவர் மறுபடி இரண்டு தட்டுத் தட்டி, இருமி, "போறோம் போறோம்" என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே என்னைப் பின்னால் நகர்த்தினார். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சரிவில் ஓடிவிட்டது. கரடிக்குக் கண் பார்வை மட்டு, இரை எடுக்கும்போது காதும் கேட்காது, பக்கத்தில் திடுக்கிட்டால் முகத்தைத்தான் அடிக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, கூட வந்த ஆளால் தெரிந்துகொண்டேன். கரடியும் சிறுத்தையும் அடிவாரத்து ஊர்களுக்குள்ளேயே வந்துபோகிற காலம் இது, பாபநாசத்துக்குப் பக்கம் வேம்பையாபுரத்தில் 2024 மே மாதம் சிறுத்தையைக் கூண்டு வைத்துப் பிடித்தார்கள்.

அந்தப் பக்கம் நடக்க ஆசை இருந்தால் முறையான வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் அத்தனை பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, 2024 இல் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று இணையத்தில் பதிவு செய்கிற ஏற்பாட்டைத் தொடங்கியது. அந்தந்த ஊர் ஆட்களே வழிகாட்டியாக வருகிறார்கள், நீங்கள் ஒரு ஆளாகப் பதிவு செய்துகொண்டு குழுவோடு நடக்கலாம். பேசப் பிடிக்காவிட்டால் கடைசியில் நடங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அருவி, ஆற்றங்கரைக்கு ஒரு வார்த்தை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து நம் நெல்லைப் பையன் ஒருவன், பதினேழு வயது, போய்விட்டான். கீழே நிற்கிறவர்களுக்கு வானம் சும்மா இருக்கும், மழை மேலே மலையில் கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியுமாக வந்தாலோ, சத்தம் மாறினாலோ செருப்பைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். தாமிரபரணியிலும் தெரியாத துறையில் தனியாக இறங்காதீர்கள், முழங்கால் தண்ணீருக்கு அடுத்த எட்டில் கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கும்.

அம்மா விஷயம் கடைசி. நீங்கள் சொல்லாமல் போகிற வரை அந்தச் சண்டை தீராது, அவருக்குத் தெரியாத இடத்தை அவர் ராத்திரியெல்லாம் கற்பனை பண்ணிக்கொண்டுதான் இருப்பார். வருகிற ஞாயிறு அவரையும் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு அடிவாரம் வரை போங்கள். டீக்கடையில் உட்கார வைத்து அந்த அக்காவை அறிமுகப்படுத்துங்கள், எந்தப் பக்கம் ஏறுவேன், எந்தப் பாறையில் உட்காருவேன் என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள். உங்களைத் தேட வேண்டிய நிலை என்றைக்காவது வந்தால் இடத்தைக் கண்ணால் பார்த்த ஒரு ஆள் ஊரில் இருப்பார், குறுக்குத்துறையில் போய்த் தேட மாட்டார்கள். அப்புறம் நீங்கள் மட்டும் மேலே ஏறி அந்தப் பாறையில் நின்று மூன்று தடவை விசில் ஊதிவிட்டு, கேட்டுச்சா என்று போனில் அம்மாவிடம் கேளுங்கள். கேட்கவில்லை என்று சொன்னால் வேறு நல்ல விசிலாக வாங்குங்கள்.